வெளிநாட்டில் இருந்தபடி சேலத்து வாடகை வீட்டை நாமே பார்த்துக்கொள்வது

அழகாபுரத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன், அப்பா கட்டியது. அம்மாவும் என்னோடு சிங்கப்பூர் வந்துவிட்ட பிறகு இரண்டையும் வாடகைக்கு விட்டோம். முதல் இரண்டு வருடம் மாமா பார்த்துக்கொண்டார், அப்புறம் ஒரு வருடம் புரோக்கர், இப்போது ஆறு வருடமாக நானே. மூன்று வழியிலும் பணம் விட்டிருக்கிறேன். கடைசி வழியில் குறைவாக விட்டிருக்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மாமாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தன் கடையையும் பார்த்துக்கொண்டு நம் வீட்டுக்கும் ஓடினார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார். அவர்கள் நான்கு மாதம் வாடகை பாக்கி வைத்தபோது முகதாட்சண்யத்தில் அவரால் கேட்கவும் முடியவில்லை, என்னிடம் சொல்லவும் முடியவில்லை. புரோக்கர் கதை வேறு மாதிரி. ஆள் மாறினால்தான் அவருக்குக் கமிஷன், இரண்டு பக்கமும் ஒரு மாத வாடகை. அதனால் 11 மாதம் முடிந்தால் போதும், இருக்கிறவரைக் கிளப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூட்டி வந்துவிடுவார். இதில் நான் கற்றது இதுதான்: சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுக்கலாம், வசூலைக் கொடுக்கக் கூடாது. புரோக்கரிடம் ஆள் பிடிக்கிற வேலையைக் கொடுக்கலாம், வீட்டைக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் வீட்டை யார் பார்ப்பது? குடியிருப்பவர்தான். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ஓட்டை விழுந்தால் முதலில் பார்ப்பதும், மோட்டார் சத்தம் மாறினால் முதலில் கேட்பதும் அவர்தானே. அவர் நமக்கு உடனே சொல்லும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, சொல்லத் தயங்கும்படி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு என் ஹால் சீலிங்கே சாட்சி.

நான் பொறுப்பெடுத்த முதல் வருடம், ஐப்பசி மழை. மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றிருக்கிறது. மாடியில் இருந்தவர் பார்த்திருக்கிறார், சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஹால் சீலிங்கில் ஓதம் படர்ந்து, ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து டிவி மேல் விழுந்த பிறகுதான் போன் வந்தது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அங்க தூங்கிட்டு இருப்பீங்க, ஃபாரின் நம்பருக்குப் பண்ணா காசு வேற போகும், சின்ன விஷயத்துக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன் சார்" என்றார். ப்ளம்பர் குழாய்க்குள் கையை விட்டு எடுத்ததை எனக்குப் போட்டோ அனுப்பினார். ஒரு கொத்து புங்க இலை, அதற்கு நடுவில் இறகெல்லாம் அழுகிப்போன ஒரு ஷட்டில்காக். அன்றைக்கே சொல்லியிருந்தால் 300 ரூபாய் கூலி. கடைசியில் கொத்தனார், பெயிண்டர், டிவி பஞ்சாயத்து எல்லாம் சேர்த்து 18,000 ஆனது.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கிற ஏற்பாடு ரொம்ப எளிமையானது. 1,500 ரூபாய் வரைக்கும் ஆகிற எந்த ரிப்பேரையும் என்னைக் கேட்காமலே குடியிருப்பவர் செய்துகொள்ளலாம், பில்லையும் ஒரு போட்டோவையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் என்னிடம் சொல்ல வேண்டும், நான் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்வேன். இதை ஏமாற்றுகிறவர்கள் உண்டா என்றால், ஆறு வருடத்தில் ஒருவர் மட்டும் ஃபேன் ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றியதாகக் கணக்கு காட்டினார், 350 ரூபாய். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒழுகலை மூன்றாம் வாரம் கேள்விப்படுவதைவிட அது மலிவு.

கிளம்புவதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை

வங்கிக் கணக்கு முதல் வேலை. வெளிநாட்டுக்குக் குடிபோனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் தன் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கிற கணக்காக மாற்ற வேண்டும், வாடகை அதில்தான் வந்து விழ வேண்டும். அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுக்கவும் வழி உண்டு, வரியெல்லாம் கட்டியாயிற்று என்று காட்டினால் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அனுமதி. சேலத்து இரண்டு போர்ஷன் வாடகையை வைத்துக்கொண்டு அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படுகிற நிலைமை யாருக்கும் வராது.

அடுத்தது சிம். சிரிக்காதீர்கள், நான் பார்த்த பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். வங்கி, வருமான வரித்துறை, ஈபி, கார்ப்பரேஷன், பதிவுத்துறை எல்லாமே அந்த ஓர் இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். ரீசார்ஜ் செய்யாமல் மூன்று மாதம் விட்டால் எண் கைவிட்டுப் போகலாம், அப்புறம் எல்லா இடத்திலும் எண்ணை மாற்ற நேரில் வா என்பார்கள். கிளம்பும்போதே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்துவிட்டு, வருட ரீசார்ஜ் போட்டுவிடுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி தேவையா என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும், வாடகை ஒப்பந்தங்களைப் பதிகிற அரசு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் ஊரில் ஒரு ஆள் வேண்டும், அதற்காக மட்டும் எழுதிக் கொடுங்கள். எதைச் செய்யலாம் என்று எழுதுகிற அதே தாளில் எதைச் செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள்: விற்க, அடமானம் வைக்க, அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரம் இல்லை என்று. 'ஜெனரல் பவர் கொடுத்துடுங்க, எல்லாத்துக்கும் ஆகும்' என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்வார், அவருக்கு அது சுலபம், நமக்கு ஆபத்து. வெளிநாட்டில் வைத்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கை மறந்துவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் நிறைய. ஊரில் இருக்கும்போதே எழுதிப் பதிந்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

ஆவணி, தை கணக்கு

இது வேறெங்கும் எழுதி நான் பார்க்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாறமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். ஆடியில் வீடு காலியானால் ஆவணி பிறக்கிற வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடந்துகொண்டிருக்கும், வீடு பார்க்கக்கூட ஆள் வராது. அதனாலேயே ஆடி முடிந்ததும் ஆவணியிலும், மார்கழி முடிந்ததும் தையிலும் எல்லாரும் முண்டியடித்துக் குடிவருவார்கள். இப்போது நம் வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் 17 வாக்கில் குடிவந்தவருக்கு 11 மாதம் போட்டால் எப்போது முடிகிறது? ஜூலை 17, ஆடி பிறக்கிற அன்றைக்கு. தை முதல் தேதி வந்தவருக்கு? மார்கழி. ஊரே குடிவருகிற இரண்டு மாதங்களிலிருந்தும் 11 மாதம் எண்ணினால் ஊரே நகராத இரண்டு மாதங்களில் போய் நிற்கிறது.

இரண்டு வருடம் ஆடி மாத வாடகையை இழந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இப்போது ஆவணியில் வருகிறவருக்கு 10 மாத ஒப்பந்தம் போடுகிறேன், ஆனியில் முடியும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் ஆள் கிடைப்பதும் சுலபம். வைகாசியில் குடிவருகிற குடும்பமாகப் பார்த்து விட்டால் இந்தக் கவலையே இல்லை, 11 மாதம் சித்திரையில் முடியும். காலி செய்ய இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதும்போதே, ஆடியிலோ மார்கழியிலோ காலி செய்வதாக இருந்தால் முந்தின மாதமே முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் சிரிப்பார். குடியிருப்பவருக்குப் புரியும்.

ஒப்பந்தமும் பதிவும்

11 மாதம் என்ற பழக்கம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ல் புதிய வாடகைச் சட்டம் வந்துவிட்டது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இதற்கென்றே இணையதளம் வைத்திருக்கிறது, 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். தெருவில் யாரும் செய்வதில்லை என்று சொல்வார்கள். ஊரில் இருப்பவர் செய்யாமல் இருக்கட்டும், அவர் தினமும் வீட்டு வாசலில் போய் நிற்க முடியும். நமக்கு இருப்பது காகிதம் மட்டும்தான்.

அட்வான்ஸ் பற்றி அதே சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆறு மாதம், பத்து மாதம் என்று வாங்குகிற வழக்கத்தைவிட இது நியாயம். வாங்குகிற அட்வான்ஸை என்ஆர்ஓ கணக்கிலேயே தனி டெபாசிட்டாகப் போட்டு மறந்துவிடுங்கள். அவர் காலி செய்கிற அன்றைக்கு நம் கையில் பணம் இல்லாமல் போனால் அசிங்கம். போகியத்துக்கு விடச் சொல்லி யாராவது வந்தால், மொத்தமாக நாலைந்து லட்சம் வருகிறதே என்று மயங்காதீர்கள். அது வருமானம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். புதிய ஆள் கிடைக்கும்வரை பழையவர் நகரமாட்டார், அந்தப் பேச்சுவார்த்தையை சிங்கப்பூரிலிருந்து நடத்த முடியாது.

ஒப்பந்தத்தில் குடியிருக்க மட்டுமே என்று அழுத்தமாக எழுதுங்கள். சேலத்தில் இது வெறும் சம்பிரதாய வரி இல்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டோடு வீடாக நடக்கிற ஊர் இது, அம்மாபேட்டைப் பக்கம் தறிச் சத்தம். என் வீட்டில் ஒருவர் குடியிருந்தார், நல்ல மனிதர், வாடகை ஒரு தேதிக்கு மறு தேதி ஆகாமல் போடுவார், ஆனால் பின்கட்டு அறையில் கொலுசுப் பட்டறை போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா 'உங்க வீட்டுல ஆசிட் வாசனை வருதே தம்பி' என்று மெசேஜ் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தொழில் செய்வது தப்பில்லை, ஆனால் வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் ஈபிக்காரர்கள் அபராதத்தை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போடுவார்கள். அவரும் நானும் சுமுகமாகப் பேசி, மூன்று மாதத்தில் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். தீபாவளிக்கு இன்னும் மெசேஜ் அனுப்புகிறார்.

வரி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்

வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர், மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. உள்ளூர்க்காரர் வீடு என்றால், மாத வாடகை 50,000-க்கு மேல் போனால்தான் தனிநபர் வரி பிடிக்க வேண்டும், அதுவும் 2 சதவீதம். நமக்கு அந்த வரம்பு கிடையாது. 8,000 ரூபாய் வாடகைக்கும் இதே கதைதான். பிடிப்பவர் டான் எண் (வரி பிடிப்பவர்களுக்கென்று வருமான வரித்துறை தருகிற எண்) வாங்கி, மாதாமாதம் சலான் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியரிடம் போய் இதைச் சொல்லுங்கள், அடுத்த தெருவில் வீடு பார்த்துவிடுவார்.

நிறையப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை, அம்மா கணக்குக்குப் போடச் சொல்லிவிடுகிறார்கள். வீடு அம்மா பெயரில் இருந்து, அவர் ஊரில் இருந்தால் அது சரி. வீடு நம் பெயரில் இருந்தால் சரியில்லை, நோட்டீஸ் வந்தால் முதலில் மாட்டுவது நம்மை நம்பி வாடகை கொடுத்தவர். அதனால் நான் செய்வது இது. ஒப்பந்தம் பேசும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாலு ரோடு பக்கம் இருக்கிற ஆடிட்டர் ஒருவர், குடியிருப்பவர் பெயரில் டான் எடுப்பதிலிருந்து கணக்கு தாக்கல் வரை செய்துகொடுக்கிறார், அந்தக் கட்டணம் என்னுடையது. குடியிருப்பவர் மாதம் ஒரு முறை சலான் தொகையை ஒரு இடத்துக்கும் மீதியை எனக்கும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 'இன்கம் டாக்ஸ் என் தலையில வருமா சார்?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். வராது, அவர் கட்டுவது என் வரியை என்று ஆடிட்டரையே போனில் பேச வைத்துவிடுவேன். ஏற்கெனவே டான் வைத்திருக்கிற நிறுவனம் ஏதாவது தன் ஊழியருக்காக வீட்டை எடுத்தால் இந்தப் பாடே இல்லை, அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் வாடகையில் ஆயிரம் குறைத்துக்கூடக் கொடுங்கள்.

பிடித்த பணம் போனது போனதுதானா? இல்லை. மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000, அதில் 56,160 பிடித்திருப்பார்கள். நாம் கட்டிய சொத்து வரி ஒரு 6,000 கழித்தால் 1,74,000. பராமரிப்புக்கென்று சட்டமே 30 சதவீதம் கழிக்க விடுகிறது, ரசீது எதுவும் வேண்டாம், 52,200. மிச்சம் 1,21,800-தான் வரிக்குரிய வருமானம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் இது வரம்புக்குக் கீழே, பிடித்த 56,160-ம் முழுதாகத் திரும்பி வரும். ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான், ஜூலை 31-க்குள் செய்துவிடுவது நல்லது. பணம் ஒரு வருடம் அரசிடம் கிடக்கிறதே என்று வருத்தமாக இருந்தால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரித்துறையிடமே முன்கூட்டிச் சான்றிதழ் வாங்கலாம், அது ஆன்லைனில் விண்ணப்பிக்கிற விஷயம்தான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இதோடு முடிந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும், இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள இடம் உண்டு.

தண்ணீர்

மேக்னசைட் ஜங்ஷன் என்று மண்ணில் கிடைக்கிற கனிமத்தின் பெயரை ரயில் நிலையத்துக்கே வைத்திருக்கிற ஊரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும்? குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், ஷவரில் பத்துத் துளை இருந்தால் ஆறு வருடத்தில் இரண்டுதான் வேலை செய்யும், கீசர் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். எனக்கு வருகிற புகார்களில் பத்துக்கு ஏழு இதுதான். வெளிநாட்டில் இருந்து சமாளிக்க ஒரே வழி, பழுதாவதற்கு வாய்ப்புள்ள பொருளையே வைக்காமல் இருப்பது. சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வருகிற அழகான மிக்சர் குழாயெல்லாம் எடுத்துவிட்டு, கடையில் எந்த நேரமும் கிடைக்கிற சாதாரணப் பித்தளைக் குழாய் போட்டேன். ஃப்ளஷ் டேங்கும் சுவருக்குள் மறைந்திருப்பது வேண்டாம், வெளியே தொங்குகிற பிளாஸ்டிக்கே போதும். அழகாக இருக்காதுதான். நாம் அங்கே குடியிருக்கவில்லையே.

கார்ப்பரேஷன் தண்ணீர், அதாவது மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர், எங்கள் தெருவுக்குத் தினமும் வருவதில்லை. சம்ப்பில் விழுகிற அந்தத் தண்ணீர் இரண்டு போர்ஷனுக்கும் போக வேண்டும், மோட்டாரோ கீழ் வீட்டு மீட்டரில் ஓடியது. மாடிக்காரர் குளிக்கிற தண்ணீருக்குக் கீழ் வீட்டுக்காரர் கரண்ட் பில் கட்டினால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 500-ஐத் தாண்டிவிட்டால் பில் எகிறிவிடும். அவர் 490-ல் நிற்க வேண்டியவர் மோட்டாரால் 510 போனால் கோபப்படத்தான் செய்வார். மோட்டாருக்கு ஒரு சின்ன சப் மீட்டர் மாட்டி, அதில் ஓடுகிற யூனிட்டுக்கான தொகையை நானே கீழ் வீட்டு வாடகையில் கழித்துவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு சில நூறு ரூபாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நின்றுபோவதற்கு அது எவ்வளவோ மேல்.

ப்ளம்பர் ஒருவர் போதாது, இரண்டு பேர் எண் வைத்திருங்கள். ஒருவர் ஏற்காடு அடிவாரத்தில் கல்யாணத்துக்குப் போயிருப்பார். வேலை முடிந்த பத்தாவது நிமிடம் பணம் போய்விட வேண்டும், பேரம் பேசக் கூடாது, கழற்றிய பழைய உதிரியைக் கையில் வைத்து ஒரு போட்டோவும் புதியது ஓடுகிற வீடியோவும் கேட்க வேண்டும். 'சிங்கப்பூர் சார் உடனே போட்டுடுவாரு' என்ற பெயர் ஒரு முறை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள்.

வரி ரசீதுகளும் வில்லங்கமும்

சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் ஆன்லைனில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தண்ணீர் வரி, பாதாளச் சாக்கடைக் கட்டணம் இருந்தால் அதையும் அதே உட்காரலில் முடித்துவிடலாம். ஈபி பில்லை குடியிருப்பவர் கட்டினாலும், இணைப்பு எண்ணைப் போட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாமும் பார்த்துவிட வேண்டும். பாக்கி விழுந்தால் அது அவர் பெயரில் விழாது.

வருடத்துக்கு ஒரு முறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை, பார்ப்பதற்குக் காசும் இல்லை. ஆள் இல்லாத சொத்து என்று தெரிந்தால் கைவரிசை காட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நமக்குத் தெரியாத பதிவு ஏதாவது ஏறியிருந்தால் இதில் தெரிந்துவிடும். அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தால் முதல் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரில் போவது நான் புரட்டாசியில். பொங்கலுக்குப் போனால் எந்த வேலைக்காரரும் கிடைக்கமாட்டார், வடகிழக்கு மழைக்கு முன்னால் மொட்டை மாடியைப் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குள் போக ஒரு நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம், நான் ஒரு வாரம் முன்னதாகவே மெசேஜ் போட்டுவிடுவேன். குழாய் வாயில் கம்பி வலை இருக்கிறதா என்று பார்ப்பேன், ஷட்டில்காக் நினைவுக்கு வரும். போகும்போது குழந்தைகளுக்கு ஒரு பாக்கெட் சாக்லேட். சமையலறைச் சுவரில் ஆணி அடித்ததைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

காலி செய்யும்போது

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எட்டு மாதம் இருந்தவரிடமும் பிடிப்போம், எட்டு வருடம் இருந்தவரிடமும் பிடிப்போம், அப்புறம் பாதிப் பேர் பெயிண்டே அடிக்காமல் அடுத்தவருக்கு விடுவார்கள். நான் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவரிடம் பிடிப்பதில்லை, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். குடிவருகிற அன்றைக்கு எடுத்த வீடியோவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, கதவுக்குப் பின்பக்கம் வரைக்கும் எடுத்தது. காலி செய்கிற அன்றைக்கு அதே வரிசையில் இன்னொரு வீடியோ, மீட்டர் ரீடிங் ஒரு போட்டோ. கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதி அட்வான்ஸை அன்று மாலையே போட்டுவிடுவேன். சட்டம் ஒரு மாதம் அவகாசம் தருகிறது, ஆனால் புதுவீட்டு அட்வான்ஸைக் கட்ட அவர் இந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்.

கீழ் போர்ஷன்காரர் வருகிற ஆனியில் காலி செய்கிறார், சொந்த வீடு கட்டிவிட்டார், கன்னங்குறிச்சியில். டு-லெட் போர்டு இன்னும் மாட்டவில்லை. அதற்குள் தன் அலுவலகத்து ஆள் ஒருவரை அவரே கூட்டிவந்து வீட்டைக் காட்டி, வீடியோ காலில் என்னோடு பேசவும் வைத்தார். வந்தவர் வாடகை கேட்கவில்லை, அட்வான்ஸ் கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "இது காவிரிங்களா, போருங்களா?" என்றார். சமையலறைக்கு மட்டும் காவிரி, மற்றதெல்லாம் போர் என்றேன்.